குற்றவாளியைத் தேடாத நஷ்டஈடு

நோயுற்றவன் மருத்துவமனைக்குச் செல்வது நலம் பெறுவதற்காக. பெரும்பாலோர் நலம் பெற்றே திரும்புகின்றனர். ஆயினும் சிலர், போகும்போது இருந்த நோயோடு மற்றுமொரு துன்பத்தையும் சேர்த்துக்கொண்டு திரும்புவதுண்டு. ஊசி குத்திய இடத்தில் நரம்பு செயலற்றுப் போகிறது. அறுவை செய்த புண்ணில் கிருமி புகுந்து சீழ் பிடிக்கிறது. மயக்க மருந்து கொடுக்கப்பட்டவர் பழைய நினைவோடு மீண்டும் எழுவதில்லை. பேறுகாலத்தில் மூச்சுத் திணறிய குழந்தை வாழ்நாள் முழுதும் நடக்கவோ பேசவோ இயலாமற் போகிறது. இவற்றுள் சில, மருத்துவரின் கவனக் குறைவால் நேர்பவை. சில, எவ்வளவு கவனம் செலுத்தினாலும் தவிர்க்க இயலாதவை. இன்னும் பல, இவ்விரண்டில் எதைச் சேர்ந்தவை என்று எவராலும் அறுதியிட்டுக் கூற முடியாதவை.

இவ்வாறு துன்புற்றவனுக்கு யார் துணை நிற்பது? அவன் இழந்த வருமானத்திற்கும், மறு சிகிச்சைக்கு ஆகும் செலவிற்கும், அவனைப் பேணும் குடும்பத்தின் உழைப்பிற்கும் யார் ஈடு செய்வது? இவ்வினாவுக்கு உலக நாடுகள் இருவகையாக விடை கூறியுள்ளன. தவறு செய்தவன் எவன் என்று கண்டுபிடித்து, அவனிடமிருந்து வாங்கிக் கொடுப்பது ஒரு வகை. தவறு யாருடையது என்ற ஆராய்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டு, துன்புற்றவனுக்கு ஒரு பொது நிதியிலிருந்து ஈடு செய்வது மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகையைச் சில நாடுகள் எவ்வாறு நடத்தி வருகின்றன, அவற்றிடமிருந்து இந்தியா கற்கக்கூடியது யாது என்பதை இப்பேச்சில் ஆராய்வோம்.

முதலில் பழைய முறையைப் பார்ப்போம். நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுப்பவர் மூன்று செய்திகளை மெய்ப்பிக்க வேண்டும். மருத்துவருக்குத் தம்மைக் காக்கும் கடமை இருந்தது என்பது ஒன்று. அக்கடமையில் அவர் தவறினார் என்பது இரண்டாவது. அத்தவற்றாலேதான் தமக்குத் தீங்கு நேர்ந்தது என்பது மூன்றாவது. முதலாவது எளிது. பின்னிரண்டும் மிகக் கடினம். 1957-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அளிக்கப்பட்ட ஒரு தீர்ப்பு, அத்துறையில் தேர்ந்த மருத்துவர்களில் பொறுப்புள்ள ஒரு சாரார் சரியென ஏற்கும் முறைப்படி நடந்த மருத்துவரைக் கவனக் குறைவுடையவர் என்று சொல்ல முடியாது என வகுத்தது. நம் நாட்டு நீதிமன்றங்களும் ஏறத்தாழ அவ்வளவுகோலையே பின்பற்றி வந்துள்ளன. ஆதலின், ஒரு மருத்துவரின் செயலைத் தவறென்று காட்ட மற்றொரு மருத்துவர் முன்வந்து சாட்சி சொல்ல வேண்டும். அத்தகைய சாட்சி எளிதில் அகப்படுவதில்லை.

இந்தியாவில் 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இவ்வழியைச் சிறிது அகலமாக்கியது. மருத்துவத் தொழிலும் அச்சட்டத்தின்படி ஒரு சேவையே என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு மக்கள் பெருஞ்செலவின்றி நுகர்வோர் மன்றங்களை நாட முடிந்தது. இது பெரிய நன்மையே. ஆயினும் வழக்கு வழக்குத்தான். கல்கத்தாவில் பெற்ற சிகிச்சையைத் தொடர்ந்து 1998-இல் இறந்துபோன ஒரு பெண்மணியின் பொருட்டு அவர் கணவர் தொடுத்த வழக்கில், 2013-இல்தான் உச்ச நீதிமன்றம் இறுதியாக ஏறத்தாழ 6 கோடி ரூபாயும் அதற்கு வட்டியும் வழங்க ஆணையிட்டது. தொகை பெரியது, ஆனால் இடையே கழிந்தவை 15 ஆண்டுகள். அக்கணவர் தாமே ஒரு மருத்துவர். மருத்துவ நூல்களைப் படித்து வாதிடவும், நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போராடவும் அவரால் இயன்றது. கட்டட வேலைக்குச் செல்லும் ஒரு தொழிலாளியின் மனைவிக்கு அது இயலுமா?

மற்றொரு குறையும் உண்டு. அந்த 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சையளிக்கும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்தின் எல்லைக்குள் வாராது. பணம் கொடுத்தவனே நுகர்வோன் என்பது அச்சட்டத்தின் அடிப்படை. ஆகவே, பணம் கொடுக்க வழியில்லாமல் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குச் செல்லும் ஏழைக்கு இந்தக் கதவும் பெரும்பாலும் அடைபட்டே இருக்கிறது. அவன் சிவில் நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தையோதான் நாட வேண்டும். துணை மிகத் தேவைப்படுபவனுக்குத் துணை மிகத் தொலைவில் இருக்கிறது.

பழைய முறையில் வழக்குகள் சரியான இடத்தில்தான் போய் விழுகின்றனவா என்பதும் ஆராயத்தக்கது. அமெரிக்காவில் நியூயார்க் மாநில மருத்துவமனைகளில் 1984-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட நோயாளிகளின் 30,000-க்கும் மேற்பட்ட குறிப்பேடுகளை ஹார்வர்டு பல்கலைக் கழகத்தார் ஆராய்ந்து, 1991-இல் முடிவுகளை வெளியிட்டனர். நூற்றுக்கு 3.7 பேருக்குச் சிகிச்சையினாலேயே தீங்கு நேர்ந்திருந்தது. அத்தீங்குகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே கவனக் குறைவால் விளைந்தது. கவனக் குறைவுக்கு இலக்கானவர்களிலும் மிகச் சிலரே வழக்குத் தொடுத்தனர். வழக்குத் தொடுத்த பலருடைய குறிப்பேடுகளில் கவனக் குறைவுக்கான அடையாளமே காணப்படவில்லை. அதாவது, ஈடு பெற வேண்டியவர் பெறவில்லை. குற்றம் செய்யாத மருத்துவர் கூண்டில் நின்றார். இருசாராருக்கும் பயன் குறைந்த ஒரு முறையை நீதி என்று எவ்வளவு காலம் சொல்லிக்கொண்டிருப்பது?

குற்றவாளியைத் தேடாமல் ஈடு செய்வது நாம் அறியாத புதுமை அன்று. தொழிற்சாலையில் கையிழந்தவன், இயந்திரத்தின் மீது பழியா, முதலாளியின் மீது பழியா, தன் மீதே பழியா என்று வழக்காடிக்கொண்டிருக்கக் கூடாதென்று கருதி, ஜெர்மனி 1884-இலேயே தொழிலாளர் விபத்து இன்ஷூரன்ஸை ஏற்படுத்தியது. இந்தியாவில் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் அந்நெறியை நிலைநாட்டியது. சாலை விபத்துக்களுக்கும் 1982-இல் அதே நெறி வந்தது. அன்று மரணத்திற்கு ரூ.15,000, நிரந்தர ஊனத்திற்கு ரூ.7,500 என்று வைத்தார்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, ஓட்டுநரின் குற்றத்தை மெய்ப்பிக்காமலேயே, மரணத்திற்கு 5 லட்சமும் கொடுங்காயத்திற்கு இரண்டரை லட்சமும் கோரலாம். லாரி மோதினால் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. அறுவை மேஜையில் நேர்ந்த தீங்குக்கு மட்டும் மெய்ப்பிக்க வேண்டும் என்றால், அந்த வேற்றுமைக்குக் காரணம் என்ன?

இவ்வினாவைத் துணிந்து எழுப்பிய நாடு நியூஸிலாந்து. அங்கு ஓவன் உட்ஹவுஸ் என்னும் நீதிபதியின் தலைமையில் அமைந்த கமிஷன் 1967-இல் தன் அறிக்கையை அளித்தது. சமூகம் முழுவதும் கூடி உழைத்துக் கூடி வாழ்கிறது. அந்த உழைப்பின் நடுவே நேரும் விபத்துக்களின் சுமையையும் சமூகம் முழுவதும் கூடியே தாங்க வேண்டும் என்பது அவ்வறிக்கையின் சாரம். பொதுப் பொறுப்பு, யாவருக்கும் உரிமை, முழுமையான மறுவாழ்வு, மெய்யான ஈடு, சிக்கனமான நிர்வாகம் என ஐந்து நெறிகளை அது வகுத்தது. அதன்படி 1972-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1974-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. சாலையில், ஆலையில், வீட்டில், விளையாட்டு மைதானத்தில் நேரும் விபத்துக்களோடு மருத்துவத்தால் நேரும் தீங்கும் அத்திட்டத்தில் அடங்கிற்று.

அங்கே காயமுற்றவர் ஒரு விண்ணப்பம் அளிக்கிறார். ஏற்கப்பட்டால் சிகிச்சைச் செலவில் உதவியும், வேலைக்குச் செல்ல இயலாத காலத்திற்கு முன்பிருந்த வருமானத்தில் நூற்றுக்கு 80 பங்கும், நிரந்தர ஊனம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஒரு மொத்தத் தொகையும் பெறுகிறார். அதற்கு ஈடாக ஓர் உரிமையை விட்டுக் கொடுக்கிறார்: நஷ்டஈடு கேட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க முடியாது. தண்டனையாக விதிக்கப்படும் தொகையை மட்டும், மிகக் கொடிய நடத்தைக்கு, அரிதாகக் கோரலாம். அந்நாட்டுக்கு விருந்தினராக வந்த அயலாரும் அங்கே காயமுற்றால் சிகிச்சைக்கான உதவி பெறுகின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. காயம்பட்டவனை நோக்கி உன் ஊர் எது என்று அத்திட்டம் கேட்பதில்லை.

ஆயினும் நியூஸிலாந்தின் பயணம் நேர்க்கோட்டில் செல்லவில்லை. செலவு பெருகுகிறதென்ற அச்சத்தால், 1992-இல் சட்டத்தைக் குறுக்கினார்கள். மருத்துவத் தீங்குக்கு ஈடு பெற வேண்டுமானால், ஒன்று, மருத்துவரின் பிழை காட்டப்பட வேண்டும். அன்றி, அத்தீங்கு நூற்றில் ஒருவருக்கு மேல் நேராத அரிய விளைவாகவும் கடுமையானதாகவும் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். விளைவு யாது? வாசல் வழியே வெளியேற்றப்பட்ட குற்ற ஆராய்ச்சி ஜன்னல் வழியே மீண்டும் நுழைந்தது. பிழை என்று ஒப்புக்கொள்ள மருத்துவர்கள் தயங்கினர், விண்ணப்பங்கள் தேங்கின. இறுதியில் 2005-ஆம் ஆண்டு ஜூலை முதல் அவ்விரு சொற்களையும் நீக்கி, 'சிகிச்சைக் காயம்' என்ற ஒரே சொல்லை வைத்தார்கள். சிகிச்சையால் நேர்ந்ததா, அச்சிகிச்சையின் இயல்பான விளைவாக அல்லாமல் நேர்ந்ததா என்று மட்டுமே இன்று பார்க்கப்படுகிறது. பேறுகாலத்தில் தாய்க்கு நேரும் சில காயங்கள் விடுபட்டிருந்தன. அவற்றையும் 2022 அக்டோபர் முதல் சேர்த்துக்கொண்டார்கள். பாதி வழியில் நிற்கும் சீர்திருத்தம் இருவகைக் குறைகளையும் ஒருங்கே தாங்கும் என்பது இதனால் விளங்கும்.

வடக்கு ஐரோப்பிய நாடுகள் வேறொரு பாதையில் சென்றன. ஸ்வீடனில் 1975-இல் மருத்துவமனைகளை நடத்தும் வட்டார ஆட்சி மன்றங்கள் தாமாகவே முன்வந்து நோயாளிகளுக்காக ஓர் இன்ஷூரன்ஸ் திட்டத்தைத் தொடங்கின. பின்னர் அது சட்டமாகி, 1997 முதல் நடைமுறையில் உள்ளது. ஃபின்லாந்து 1987-லும், நார்வே 1988-லும், டென்மார்க் 1992-லும் இதைப் பின்தொடர்ந்தன. ஸ்வீடனில் கேட்கப்படும் கேள்வி, 'இம்மருத்துவர் குற்றவாளியா?' என்பதன்று. 'அத்துறையில் நல்ல அனுபவமுள்ள ஒரு வல்லுநர் இவ்விடத்தில் இருந்திருந்தால் இத்தீங்கைத் தவிர்த்திருக்க முடியுமா?' என்பதே. முடியும் என்றால் ஈடு உண்டு. நள்ளிரவில் தனியே நின்று சிகிச்சை செய்த இளம் மருத்துவர் தம் அறிவுக்கெட்டியவரை சரியாகவே நடந்திருக்கலாம். அவரைக் குறை கூறாமலே நோயாளிக்கு ஈடு கொடுக்க இக்கேள்வி இடமளிக்கிறது.

டென்மார்க் இதற்கும் ஒரு படி அப்பால் சென்றது. எவராலும் தவிர்த்திருக்க முடியாத தீங்காயினும், அது நோயாளி பொறுத்துக்கொள்ள வேண்டிய அளவைத் தாண்டிய அரிய, கடுமையான தீங்காக இருந்தால் ஈடு உண்டு. உயிரைக் கொல்லும் புற்றுநோய்க்கான பெரிய அறுவையில் சில துன்பங்களைத் தாங்கத்தான் வேண்டும். ஆனால் சிறிய குடலிறக்கத்திற்கு அறுவை செய்துகொள்ள வந்தவர் கால் செயலிழந்து திரும்புவாராயின், அதைப் பொறுத்துக்கொள் என்று சொல்வது நியாயமாகாது. வந்த நோயையும் நேர்ந்த தீங்கையும் தராசின் இரு தட்டுக்களில் வைத்துப் பார்க்கும் விவேகம் இதில் இருக்கிறது.

இந்நாடுகளில் நோயாளிக்கு வக்கீல் தேவையில்லை. தீங்கு நேர்ந்ததை நோயாளிக்கு எடுத்துரைப்பதும், ஈடு கேட்க வழியுண்டு என்று தெரிவிப்பதும் ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் மருத்துவத் துறையினரின் சட்டக் கடமையாகும். ஈடு கொடுப்பதும் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதும் தனித்தனி அலுவலகங்களின் வேலை. ஆதலின், விண்ணப்பத்தில் மருத்துவர் உண்மையை எழுதினால் அவருடைய பிழைப்புக்கு உடனே ஆபத்து வருவதில்லை. நியூஸிலாந்தைப் போலன்றி, ஸ்வீடனில் நீதிமன்றத்தின் கதவும் மூடப்படவில்லை. திறந்தே இருந்தாலும் அதன் வழியே செல்வோர் சிலரே. அருகில் நல்ல கிணறு இருக்கும்போது தொலைவிலுள்ள ஆற்றுக்கு யார் குடம் எடுத்துச் செல்வார்?

பிரான்ஸ் இரு முறைகளையும் கலந்து அமைத்தது. 2002-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, தீங்குற்றவர் தம் வட்டாரத்திலுள்ள சமரசக் குழுவின் முன் கட்டணமின்றி முறையிடலாம். குழு வல்லுநரைக் கொண்டு ஆராய்ந்து, ஆறு மாதத்திற்குள் கருத்துரைக்க வேண்டும். தவறு இருந்ததென்று கண்டால் மருத்துவரின் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஈடு தர முன்வர வேண்டும். தவறு எவருடையதும் அன்று, இது விதியின் விளையாட்டு என்று கண்டால், தேசிய அலுவலகம் ஒன்று பொதுப் பணத்திலிருந்து ஈடு செய்கிறது. ஆனால் இவ்வழி கடுமையான தீங்குகளுக்கே உரியது; நிரந்தர ஊனமாயின் அது நூற்றுக்கு 24 பங்கைத் தாண்ட வேண்டும் என்பது அதன் முக்கியமான அளவுகோல். செலவைக் கட்டுக்குள் வைக்க இந்த வேலி உதவுகிறது. வேலிக்கு இப்பால் நின்றுவிடுபவரின் துன்பம் என்னவாகும் என்ற கேள்வி மட்டும் எஞ்சுகிறது.

ஜப்பான், எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முற்படாமல், ஒரேயொரு துன்பத்தை எடுத்துக்கொண்டது. அங்கே மகப்பேற்றில் தாய் ஒருத்தி இறந்ததற்காக 2006-இல் ஒரு மருத்துவர் கைது செய்யப்பட்டார். 2008-இல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. இதற்கிடையே, மகப்பேறு மருத்துவத்தை மேற்கொள்ளவே இளைஞர்கள் அஞ்சுவார்கள் என்ற கவலை நாடெங்கும் எழுந்தது. 2009 ஜனவரியில், பிரசவத்தையொட்டிக் கடுமையான மூளை வாதத்திற்கு உள்ளான குழந்தைகளுக்கு ஈடு தரும் திட்டம் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் 60 லட்சம் யென்; பிறகு 20 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 12 லட்சம் யென்; ஆக மொத்தம் 3 கோடி யென். தொகை மட்டும் கொடுத்து நின்றுவிடவில்லை. ஒவ்வொரு பிரசவத்திலும் நடந்தது என்ன என்று வல்லுநர்கள் ஆராய்ந்து, அறிக்கையைப் பெற்றோருக்கும் மருத்துவமனைக்கும் அனுப்புகின்றனர். பெயர்களை நீக்கிய சுருக்கம் பொதுமக்களுக்கும் வெளியிடப்படுகிறது. யார் மீதும் பழி சுமத்துவது அதன் நோக்கமன்று. அடுத்த குழந்தையைக் காப்பதே நோக்கம்.

இந்நாடுகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால் சில உண்மைகள் புலனாகின்றன. எல்லாத் தீங்குக்கும் ஈடு தரும் நாடு எதுவுமில்லை. ஒவ்வொரு நாடும் எங்கேயோ ஒரு கோடு போட்டிருக்கிறது. ஸ்வீடன் தவிர்க்கக்கூடியதா என்று கேட்கிறது. டென்மார்க் பொறுக்கத்தக்கதா என்றும் கேட்கிறது. பிரான்ஸ் எவ்வளவு கடுமை என்று அளக்கிறது. ஜப்பான் எந்த நோய் என்று பார்க்கிறது. கோடு எங்கே போட்டாலும் அதற்கு வெளியே ஒருவர் நிற்பார். இரண்டாவதாக, ஒருவருக்குக் கிடைக்கும் தொகை பெரிய வழக்கில் வெல்பவருக்குக் கிடைப்பதைக் காட்டிலும் குறைவே. ஆனால் பெறுவோர் தொகை அதிகம். காத்திருக்கும் காலம் குறைவு. பலருக்கு அளவான சோறா, ஒருவருக்கு விருந்தா என்பதே கேள்வி.

இம்முறைக்கு எதிராகக் கூறப்படும் வாதங்களையும் புறக்கணிக்கலாகாது. வழக்கு என்ற அச்சம் நீங்கினால் மருத்துவர்கள் அலட்சியமாகிவிட மாட்டார்களா என்பது ஒன்று. இது நியாயமான ஐயமே. ஆனால் ஈடும் தண்டனையும் வெவ்வேறு. நியூஸிலாந்தில், ஆக்லாந்து நகரின் மகளிர் மருத்துவமனை ஒன்றில் நடந்த முறைகேடுகளைப் பற்றிய விசாரணை அறிக்கை 1988-இல் வெளிவந்தது. அதன் பயனாக, நோயாளிகளின் முறையீடுகளைக் கேட்கத் தனி ஆணையர் ஒருவரை நியமிக்க 1994-இல் சட்டம் செய்தார்கள். நோயாளிகளின் உரிமைகள் 1996-இல் தொகுத்து அறிவிக்கப்பட்டன. நஷ்டஈட்டுத் திட்டம் மட்டுமே போதாது, தவறு செய்வோரைக் கண்டிக்க ஒரு கை வேறாக வேண்டும் என்பதற்கு இது சான்று. பணம் கிடைத்துவிட்டால் உண்மை புதைந்துவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். தாயை இழந்தவனுக்குப் பணத்தைவிட, என்ன நடந்தது என்ற விளக்கமே பெரிதாக இருக்கலாம். ஆகவே விளக்கமளிப்பதையும் கடமையாக்காத திட்டம் குறையுடையதே.

இன்னொரு வாதம் செலவைப் பற்றியது. ஸ்வீடனிலும் நியூஸிலாந்திலும் நோயாளியின் சிகிச்சைச் செலவையும் ஊனமுற்றோரின் பராமரிப்பையும் அரசாங்கம் ஏற்கனவே பெருமளவு ஏற்றிருக்கிறது. எஞ்சிய இழப்பை மட்டுமே நஷ்டஈட்டுத் திட்டம் தாங்குகிறது. அந்த அடித்தளம் இல்லாத நாட்டில் அதே கட்டடத்தை எழுப்ப முடியுமா என்று கேட்கிறார்கள். மேலும், விபத்தால் கால் இழந்தவனுக்கு ஈடு உண்டு, நோயால் கால் இழந்தவனுக்கு இல்லை என்ற வேற்றுமையும் மனத்தை உறுத்துவதே. இவற்றுக்கு முழு விடை எந்த நாட்டிலும் இல்லை.

இந்தியாவில் இந்நெறியின் விதைகள் ஏற்கனவே விழுந்துள்ளன. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர் இறந்தாலோ, அறுவை பயனற்றுப் போனாலோ, பின்விளைவுகளால் அவதியுற்றாலோ ஈடு தரும் ஓர் இன்ஷூரன்ஸ் திட்டத்தை, உச்ச நீதிமன்றத்தின் ஆணையைத் தொடர்ந்து, மத்திய அரசாங்கம் 2005-இல் தொடங்கியது. 2013 ஏப்ரல் முதல் அரசாங்கமே நேரில் நிதி அளிக்கும் திட்டமாக அது மாறியது. அறுவையின்போதோ, வீடு திரும்பிய 7 நாட்களுக்குள்ளோ மரணம் நேர்ந்தால் 2 லட்சம் ரூபாய் என்று அப்போது விதிக்கப்பட்டது. சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் அருகே 2014 நவம்பரில் நடந்த முகாமில் அறுவை செய்துகொண்ட பெண்கள் பதின்மருக்கு மேல் மாண்ட கொடுமைக்குப் பிறகு, இத்தொகைகளை உயர்த்துமாறு 2016-இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. புதிய மருந்துகளைச் சோதிக்கும் ஆராய்ச்சிகளில் கலந்துகொள்வோருக்கும், 2019-ஆம் ஆண்டின் விதிகளின்படி, சோதனையால் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் ஈடும் உண்டு. நாட்டின் நலத்திற்காகத் தன் உடலை ஒப்படைத்தவனை வழக்காடச் சொல்லக் கூடாது என்ற அறவுணர்ச்சியே இவற்றின் வேர்.

அவ்வேரிலிருந்து மரம் ஒன்று வளரக் கூடும். ஜப்பானைப் போல ஒரு துன்பத்தைத் தேர்ந்து தொடங்கலாம். பிரசவத்தில் தாய்க்கும் சேய்க்கும் நேரும் கொடுந்தீங்கு அதற்குத் தக்கது. அல்லது, நுகர்வோர் சட்டத்தின் நிழல் படாத சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலிருந்து தொடங்கலாம். எதில் தொடங்கினாலும் நான்கு செய்திகள் வேண்டும்: எளிய விண்ணப்பம், கெடு வைத்த முடிவு, நடந்ததைப் பற்றிய விளக்கம், தவறு செய்தவரைத் திருத்தும் தனி அமைப்பு. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் திட்டம் கையெழுத்துக்கும் காத்திருப்புக்கும் மட்டுமே உரியதாகிவிடும்.

அத்தகைய சட்டம் வரும்வரையில், பிற மாநிலங்களில் வாழும் தமிழ் மக்கள் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றையும் சொல்லி முடிப்பது கடமை. மொழி தெரியாத ஊரில் மருத்துவமனையில் நீட்டப்படும் சம்மதப் பத்திரத்தில், படிக்க இயலாத எழுத்தின் கீழ் கையொப்பமிடுவது நம்மிடையே பலருடைய வழக்கம். ஒரு சிகிச்சைக்கு அளித்த சம்மதம் வேறொரு சிகிச்சைக்குச் செல்லாது என்றும், நோயாளிக்குப் போதிய விவரம் சொல்லியே சம்மதம் பெற வேண்டுமென்றும் 2008-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆகவே, தெரிந்த மொழியில் சொல்லுங்கள் என்று கேட்பது சலுகை அன்று, உரிமை. அருகில் மொழி அறிந்த அண்டை வீட்டாரையோ தமிழ்ச் சங்கத்தாரையோ அழைத்துச் செல்வது விவேகம்.

உள்நோயாளியின் மருத்துவக் குறிப்பேடுகளை மூன்று ஆண்டு காத்து வைக்கவும், கேட்ட 72 மணி நேரத்திற்குள் கொடுக்கவும் மருத்துவர்கள் கடமைப்பட்டவர்கள் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் கூறுகின்றன. ஊர் திரும்பும் அவசரத்தில் இவற்றை வாங்காமல் ரயிலேறிவிடலாகாது. பம்பாயிலோ டெல்லியிலோ பெற்ற சிகிச்சையைப் பற்றி, முறையிடுபவர் தாம் குடியிருக்கும் ஊரிலேயே நுகர்வோர் மன்றத்தில் முறையிட 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டம் இடமளிக்கிறது. சொந்த மாவட்டத்துக்குத் திரும்பி அங்கேயே குடியேறிவிட்டவர் வழக்குக்காக மீண்டும் பயணப்பட வேண்டியதில்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் மன்றக் கட்டணம் கிடையாது. இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை பெறும் தொழிலாளியும் நுகர்வோனே என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அவருடைய சம்பளத்திலிருந்து சந்தா பிடிக்கப்படுவதால் அது இலவசம் ஆகாது. பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் இலவச சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டின் சட்டம் வழி செய்கிறது. அதற்கு மாவட்டந்தோறும் அலுவலகம் உண்டு.

நல்ல மருத்துவரும் பிழை செய்யக் கூடும். பிழையே இல்லாதபோதும் தீங்கு நேரக் கூடும். அதைத் தடுக்க முழுமையாக முடியாதென்றாலும், தீங்குற்றவன் தனியே நிற்காதபடி பார்த்துக்கொள்ள முடியும். ஆயிரம் பேர் நலம் பெறும் மருத்துவத்தால் ஒருவன் இழந்தால், நலம் பெற்ற ஆயிரவரும் அவனுக்குக் கடன்பட்டவர்களே. அக்கடனை முறையாக அடைக்கும் வழியைச் சில நாடுகள் கண்டுவிட்டன. இந்தியாவும் அதைக் காண வேண்டிய காலம் வந்துவிட்டது.